இரவல் சின்னமா, சுயேச்சைக் குழுவா? மாகாண சபைக்கு நிற்க நினைப்பவர்களுக்கு

மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர். மற்ற இருவரும் முப்பதைத் தாண்டாத பொடியள். தேத்தண்ணி வரமுதலே இளையவன் கேட்டுவிட்டான்: "அண்ணை, மாகாண சபை எலெக்சன் வந்தா நாங்கள் தனிய நிக்கிறதோ, ஆற்றையும் சின்னத்திலை கேக்கிறதோ?"

2018 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு சுயேச்சைக் குழுவுக்காக நான் பட்ட பாடு ஊருக்குத் தெரியும். அதற்கு முன்னர், 2013இல், ஒரு பெரிய கட்சிக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்துத் திரிந்தவன். இரண்டு அடுப்பிலும் குளிர்காய்ந்தவன் என்றபடியால் என்னிடம் வந்திருப்பார்கள். அன்று வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் கணக்கும் சேர்த்து.

முதலில், தேர்தல் எந்த முறையில் நடக்கும் என்பதே தொங்கிக்கொண்டு நிற்கும் விஷயம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, வடக்கினது 2018 ஒக்டோபரில். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையைத் தூக்கிவிட்டு, பாதி ஆசனம் தொகுதி வழியாக, பாதி விகிதாசாரப்படி என்று கொண்டுவந்தது. அதற்கு எல்லை நிர்ணயம் தேவை. எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய வீட்டை இடித்தாயிற்று, புது வீட்டுக்கு அத்திவாரம் இல்லை. அதனால் முதலில் பழைய முறையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். புதியது வந்தால் என்ன மாறும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய முறையில் ஒரு மாவட்டத்துக்கு ஒரு பட்டியல். ஆசன எண்ணிக்கையோடு மூன்று பேரைக் கூட்டி வேட்புமனு கொடுக்க வேண்டும். 2013இல் யாழ்ப்பாணத்துக்கு 16 ஆசனம், ஆகவே 19 வேட்பாளர். கிளிநொச்சிக்கு 4, முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் ஐந்து ஐந்து, வவுனியாவுக்கு 6. அதற்கு மேலே, மாகாணத்தில் கூடிய வாக்கெடுத்தவருக்கு 2 போனஸ். மொத்தம் 38.

சுயேச்சையாக நிற்பதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. 16 ஆசனம் உள்ள மாவட்டத்தில் நூற்றுக்கு ஆறு வாக்கை எடுத்தால் ஒரு ஆசனத்துக்குக் கதவு திறக்கும். மிச்ச வாக்குக் கணக்கு ஒத்துவந்தால் அதற்குக் குறைவாகவும் திறக்கலாம். 4 ஆசனம் உள்ள கிளிநொச்சியில் அதே ஒரு ஆசனத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இருபது தேவைப்படும். இருபது வீதம் என்பது ஒரு குழு சேர்க்கும் வாக்கில்லை, ஒரு கட்சி சேர்க்கும் வாக்கு. வந்திருந்த மூன்று பேரும் கிளிநொச்சி ஆக்கள். அந்த நேரம் அவர்களுடைய முகத்தைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருந்தது.

2013 செப்டெம்பர் 21இல் வடக்கில் நடந்ததை ஞாபகப்படுத்திப் பாருங்கள். வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போனஸோடு 30. ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 7. மன்னாரில் முஸ்லிம் காங்கிரஸுக்கு 1. கூட்டினால் 38. சுயேச்சைக் குழுக்களுக்கு ஒன்றுமில்லை. அலை அடிக்கிற நேரத்தில் தனித்தோணிக்கு இடமில்லை என்று அப்போது சொன்னோம்.

ஆனால் 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் சுயேச்சைக் குழு 17 ஒரு ஆசனத்தை எடுத்தது. முகநூல் நேரலைகளால் சில மாதங்களுக்குள் ஊரெல்லாம் தெரிந்த ஒரு மருத்துவர், இராமநாதன் அர்ச்சுனா, அதன் முதன்மை வேட்பாளர். குழு எடுத்தது 27,855 வாக்கு. தமிழ்க் காங்கிரஸ் எடுத்தது 27,986. எத்தனையோ ஆண்டு பழமையான அந்தக் கட்சியின் சைக்கிள் சின்னத்துக்கும் சில வார வயதான ஒரு குழுவுக்கும் இடையில் 131 வாக்குத்தான் இடைவெளி. அந்தக் குழுவின் இலக்கம் 17 என்பதையும் கவனியுங்கள். அதே வாக்குச்சீட்டில் இன்னும் எத்தனை குழுக்கள் இருந்தன என்று அந்த எண்ணே சொல்லும். அவையெல்லாம் என்னவாயின என்று யாரும் கேட்பதில்லை. இதைக் காட்டித்தான் இப்போது எல்லோரும் "தனிய நிண்டா வெல்லலாம்" என்கிறார்கள். வென்ற ஒன்றைப் பார்த்து நிற்பது, சீட்டு விழுந்தவனைப் பார்த்துச் சீட்டு வாங்குகிற மாதிரி.

சுயேச்சையாக வென்ற பழைய கதைகளையும் கிளறிப் பார்த்தேன். 1989 பாராளுமன்றத் தேர்தலில் ஈரோஸ் இயக்கம் சுயேச்சையாக நின்று 13 ஆசனம் எடுத்தது. 2006இல் கொழும்பு மாநகர சபைக்கு ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட, அந்தக் கட்சி மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்கு வாக்குப் போடச் சொன்னது. குழு வென்றது, முச்சக்கரவண்டி ஓட்டுநர் ஒருவர் மேயரானார். இரண்டு இடத்திலும் சுயேச்சை என்பது வேட்புமனுப் பத்திரத்தில் மட்டும் இருந்த பெயர். பின்னால் ஒன்றில் ஓர் இயக்கம், மற்றதில் ஒரு பெரும் கட்சி. யாழ்ப்பாணத்துக் குழு 17க்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை, அலை ஒன்றுதான் இருந்தது. ஆகவே உங்களிடம் நான் கேட்பது: உங்களுக்குப் பின்னால் இருப்பது என்ன? கடற்றொழிலாளர் சங்கமா, பழைய மாணவரா, ஒரு கோயிலடியா, நேரலையா? அதற்குப் பதில் இல்லாவிட்டால் கட்டுப்பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கட்டுப்பணத்தில்கூடச் சட்டம் சுயேச்சைக்காரனைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. உள்ளூராட்சித் தேர்தலில் கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபாய், சுயேச்சை வேட்பாளருக்கு 5,000. சந்தேகத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. பெரிய கட்சிகளே பின்கதவால் சுயேச்சைக் குழுக்களை இறக்கும். வாக்கெண்ணும் நிலையத்துக்குள் கூடுதலாக நாலு முகவரை விடலாம், எதிராளியின் வாக்கையும் பிரிக்கலாம். அதனால் வீடு வீடாகப் போகும்போது சுயேச்சைக்காரனிடம் சனம் முதலில் கேட்பது கொள்கையைப் பற்றி இல்லை.

"தம்பி, நீங்கள் ஆற்றை ஆக்கள்?"

2018இல் இந்தக் கேள்வியை எத்தனை படலையில் கேட்டிருப்பேனோ தெரியாது. எங்களுக்குக் கிடைத்த சின்னம் கேத்தில். வேட்புமனு கொடுத்த பிறகுதான் சின்னமும் குழு இலக்கமும் கையில் வரும். அதன் பிறகு வாக்களிப்புக்குச் சில வாரம்தான். அந்தச் சில வாரத்தில் ஒரு முழு ஊருக்கும் கேத்திலைப் பழக்க வேண்டும். எங்கள் வேட்பாளர் ஒருவர் வீட்டிலிருந்த கரிபிடித்த அலுமினியக் கேத்திலை மோட்டார் சைக்கிள் ஹான்டிலில் கொழுவிக்கொண்டு திரிந்தார். கிறவல் ரோட்டில் அது கடகடவென்று அடிக்கிற சத்தம் கேட்டாலே பிள்ளைகள் படலைக்கு ஓடி வருவார்கள். பிரசாரம் நன்றாகப் போகிறது என்று நம்பினோம். வாக்களிப்பன்று பின்னேரம் ஓர் ஆச்சி சந்தோசமாக வந்து சொன்னார்: "மோனை, நீ சொன்னபடியே வீட்டுக்குப் போட்டிட்டன்." கேத்தில் இருப்பது வீட்டில்தானே என்று அவருக்கு ஒரு கணக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வட்டாரத்தில் நாங்கள் தோற்றது ஆச்சியால் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; தோல்வி அதைவிடப் பெரிது.

இந்தக் கதையால்தான் சின்னத்தின் பெறுமதி எனக்கு விளங்கியது. நாற்பது வருஷம் ஒரு சின்னத்துக்குப் புள்ளடி போட்டுப் பழகின கை, மூன்று கிழமையில் திரும்பாது. இரவல் சின்னம் கேட்டு ஓடுவது இதனால்தான். கையில் பதிவுள்ள ஒரு கட்சி, அதற்குள்ளே ஆள் குறைவு. இந்தப் பக்கம் ஆள் இருக்கிறது, பதிவில்லை. இரண்டும் சேர்ந்தால் ஒரு பட்டியல். ஊர்ச் சந்தையில் வண்டியும் மாடும் வேறுவேறு ஆளிடம் இருந்தால் கூட்டுச் சேர்வதைப் போலத்தான்.

வண்டி உடைந்தால் யார் பொறுப்பு என்பதில்தான் சண்டை. 2001இல் கூட்டமைப்பு உதயசூரியனில் நின்றது. அந்தச் சின்னம் தமிழர் விடுதலைக் கூட்டணியுடையது. கூட்டணிக்குள் அதன் தலைவர் ஆனந்தசங்கரியோடு பிணக்கு வந்து வழக்குவரை போனதும் 2004இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு மாற வேண்டிவந்தது. அன்று அது நல்லதாகவே முடிந்தது, 22 ஆசனம். ஆனால் அந்த நாளிலிருந்து கூட்டமைப்பு வீட்டுக்காரனின் வீட்டில் குடியிருந்ததே தவிர, தனக்கென்று ஒரு பதிவு எடுக்கவில்லை. பிறகு பங்காளிகள் ஒவ்வொருவராய் வெளியேறியபோது வீடு வீட்டுக்காரனிடம் மிஞ்சியது. வெளியேறிய ஈ.பி.ஆர்.எல்.எவ். 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு நின்றது எதில்? அதே பழைய உதயசூரியனில், இரவலுக்கு. வட்டம் முழுதாகச் சுற்றி வந்துவிட்டது.

சுயேச்சைச் சின்னம் மட்டும் நிலைக்குமா என்றால் அதுவும் இல்லை. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக அரியநேத்திரன் சுயேச்சையாக நின்றார், சின்னம் சங்கு. 2,26,343 வாக்கு விழுந்தது. சனத்தின் மனதில் சங்கு பதிந்தது. இரண்டு மாதம் கழித்துப் பாராளுமன்றத் தேர்தலில் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி தன் குத்துவிளக்கை வைத்துவிட்டுச் சங்கோடு வந்தது. "அது எங்கள் எல்லாருடையதும்" என்று ஒரு பக்கம் குமுறியது. குமுறலாம், ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லை. சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம் அந்த ஒரு தேர்தலுக்குத்தான். முடிந்ததும் அது தேர்தல்கள் ஆணைக்குழுவின் பட்டியலுக்குத் திரும்பிப் போய்விடும். அடுத்த முறை உங்கள் சின்னத்தில் உங்கள் எதிரி நிற்கலாம்.

இரவல் சின்னத்துக்கு விலை என்ன என்று கேட்டால், காசு என்று பலர் நினைக்கிறார்கள். விலை, சின்னம் தருகிற கட்சியின் செயலாளருடைய கையெழுத்து. பட்டியலில் யாருடைய பெயர் இருக்கும் என்பதை முடிவாகக் கையெழுத்திட்டுக் கொடுப்பவர் அவர். வேட்புமனு கொடுக்கக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிற அன்று காலையில் பெயர் மாறின கதைகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. வென்ற பிறகும் அவருடைய பேனா ஓயாது. கட்சி உறுப்புரிமை போனால் ஆசனமும் போகும் என்ற சட்டம் உங்கள் தலைக்கு மேலே தொங்கும். நீங்கள் கட்சிக்கு விருந்தாளி. வரவுசெலவுத்திட்ட வாக்கெடுப்பில் மனச்சாட்சிப்படி கை தூக்கினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

அதோடு விருப்பு வாக்கு. வாக்காளர் ஒரு பட்டியலுக்குப் புள்ளடி போட்டு, அதற்குள்ளே மூன்று இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போடலாம். 2013இல் யாழ்ப்பாணத்தில் கூட்டமைப்பின் பட்டியலில் நின்ற விக்னேஸ்வரன் எடுத்தது 132,255, அனந்தி சசிதரன் எடுத்தது 87,870. அந்த அலையிலேயே 19 பேரில் 14 பேர்தான் உள்ளே போனார்கள். ஐந்து பேர் வென்ற பட்டியலில் நின்று தோற்றவர்கள். இரவல் பட்டியலில் உங்களுக்குக் கிடைக்கப்போவது எது என்று யோசியுங்கள். வீட்டுக்காரன் முன்விறாந்தையில் படுப்பான், விருந்தாளிக்குப் பின் தாழ்வாரம். நீங்கள் கொண்டுவருகிற ஆறாயிரம் ஏழாயிரம் வாக்கு பட்டியலின் மொத்தத்தில் சேர்ந்து வீட்டுக்காரனின் ஆளை உள்ளே அனுப்பும்.

இதைச் சொன்னபோது அதிபர் கேட்டார்: "அப்ப சுயேச்சையிலை இந்தச் செயலாளர் தொல்லை இல்லைத்தானே?" இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் சுயேச்சைக் குழுவுக்கும் ஒரு தலைவர் இருப்பார், வேட்புமனுவில் முதல் பெயர் யாருடையதோ அவர். குழுவின் பெயரால் கையெழுத்திடும் உரிமை அவரிடம்தான். எங்கள் குழு உடைந்ததே அதில்தான். முதல் பெயர் யார் என்று தேர்தலுக்கு முன்னர் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை, கிடைத்த ஓர் ஆசனத்தை யாருக்குக் கொடுப்பது என்று வந்தபோது அந்தக் கையெழுத்துத்தான் உலகமாகிவிட்டது. ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் இன்று தெருவில் கண்டால் கதைப்பதில்லை. சுயேச்சையாக நிற்பதென்றால், காசு சேர்க்க முதல் முதற்பெயரைத் தீர்மானியுங்கள்.

மூன்றாவதாகப் புதுக் கட்சி பதிவது. நீண்ட ஓட்டத்துக்கு இதுவே சரியான வழி என்பது என் எண்ணம், ஆனால் அவசரக்காரருக்கு ஆகாது. ஆணைக்குழு பதிவுக்கு விண்ணப்பம் கேட்கும்போது குறைந்தது நாலு வருஷ அரசியல் வேலையைக் காட்ட வேண்டும், யாப்பு, கணக்கு, நிருவாகிகள் பட்டியல் எல்லாம் வேண்டும். மாகாண சபைத் தேர்தல் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பதால் ஒரு வேடிக்கை: 2018இல் தொடங்கியிருந்தால் நாலு வருஷம் எப்போதோ நிறைந்திருக்கும். கூட்டக் குறிப்புப் புத்தகம் ஒன்றை ஒழுங்காக எழுதிவைக்கக்கூட எங்களுக்குப் பொறுமை இருக்கவில்லை.

வென்ற பிறகு என்ன செய்ய முடியும் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வடக்கிற்கும் கிழக்கிற்கும் இதில் பெரிய வித்தியாசம். முதலமைச்சரோடு சேர்த்து மாகாண அமைச்சர்கள் ஐந்து பேருக்கு மேல் இருக்க முடியாது. 38இல் 30 ஒரே பக்கம் இருந்த சபையில் ஒரு சுயேச்சை உறுப்பினர் இருந்திருந்தால், பேச நேரம் கேட்டுக் கை தூக்கியபடியே அஞ்சு வருஷம் போயிருக்கும். 2012இல் கிழக்கு வேறு மாதிரி. 37இல் ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 14, கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. ஆட்சிக்கு 19 வேண்டும், ஒருவரிடமும் இல்லை. முஸ்லிம் காங்கிரஸ் முதலில் ஒரு பக்கம் சேர்ந்தது. 2015இல் மறுபக்கம் திரும்பி முதலமைச்சர் பதவியையே எடுத்தது. இப்படிச் சிதறிய சபையில் ஒற்றை உறுப்பினரின் வீட்டுக்கும் இரவில் வாகனம் வரும். ஆகவே திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருந்து ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் சுயேச்சைப் பக்கம் என் தராசு இன்னும் கொஞ்சம் சாயும்.

புதிய கலப்பு முறை வந்தால்? உள்ளூராட்சியில் ஒரு வட்டாரத்தைப் பிடித்து ஒரு சுயேச்சை வென்றுவிடலாம், அதைப் பார்த்துப் பலர் மாகாண சபைக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். 16 ஆசனத்தைப் பாதியாக்கினால் 8 தொகுதி. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஊர்காவற்றுறை தொடங்கி சாவகச்சேரி வரை பழைய தொகுதிகளே பத்து. அதாவது ஒரு மாகாணத் தொகுதி பழைய கோப்பாய், உடுப்பிட்டித் தொகுதிகளைவிடப் பெரிதாகவே வரும். ஒரு கிராமத்துச் செல்வாக்கு அங்கே கரைந்து போகும். அந்த முறையில் சுயேச்சையைவிட இரவல் சின்னம்தான் தாங்கும் என்று நினைக்கிறேன்.

என்னுடைய தீர்ப்பைக் கேட்டால்: யாழ்ப்பாணத்தில் தெரிந்த முகம் ஒன்றும் அதற்குப் பின்னால் ஓர் அமைப்பும் இருந்து பழைய முறையில் தேர்தல் வந்தால், சுயேச்சையாக நில்லுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்றால் இரவல் சின்னம், ஆனால் எழுத்தில். எத்தனை பெயர், யாருடைய பெயர், போனஸ் ஆசனம் வந்தால் யாருக்கு என்று வேட்புமனுவுக்கு ஒரு மாதம் முன்னரே. எழுதிக் கொடுக்க மறுக்கிற செயலாளரிடம் சின்னம் வாங்காதீர்கள். அந்த ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வேறு கதை. ஊரில் முகம் காட்ட அது போதும்.

செலவுக் கணக்கை மறந்துவிடக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். கட்சிக்குக் காரியாலயம் இருக்கும், யாராவது படிவத்தைத் தேடித் தருவார்கள். சுயேச்சையில் தோற்ற மறுநாளே பாதிப் பேர் போனை நிறுத்திவிடுவார்கள். அவர்களிடம் பற்றுச்சீட்டு வாங்குவது வாக்குக் கேட்பதைவிடக் கஷ்டம்.

மூவரும் எழும்பும்போது இருட்டிவிட்டது. முடிவு எடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. படலையில் வைத்து இளையவன் மெல்லக் கேட்டான்: "அப்ப இப்ப என்னத்தைச் செய்யிறது அண்ணை?" 2025 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவின்போது பிறப்புச் சான்றிதழ் பிரதி சரியில்லை என்று எத்தனை பட்டியல் திருப்பி விடப்பட்டு, நீதிமன்றம்வரை அலைந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கிளிநொச்சியில் 4 ஆசனம் என்றால் 7 பெயர். எந்தச் சின்னம் என்றாலும் அந்த ஏழு பேரின் பிறப்புச் சான்றிதழையும் முதலில் எடுத்து, ஒழுங்காக உறுதிப்படுத்தி ஒரு கோப்பில் போடச் சொன்னேன். "ஏழு பேர் வேணுமோ?" என்றான். இதுவரை நாலு பேர்தான் சேர்ந்திருக்கிறார்களாம்.